சோற்றுப் பொட்டலம் போதாது. சொல்லுக்கும் இடம் வேண்டும்!

தலைவருக்குப் பிறந்தநாள் வந்தால் போதும். பொங்கல், தீபாவளி என்றால் சொல்லவே வேண்டாம். சங்கத்து வேன் ஒன்று புறப்படும். அதிலே பிரியாணிப் பொட்டலம் ஐம்பது, நோட்டுப் புத்தகம் ஐம்பது, சால்வை ஒன்று, போட்டோக்காரர் ஒருவர். ஏதாவதொரு குழந்தைகள் இல்லத்தின் வாசலில் போய் இறங்குவார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவார்கள். கொடுக்கிற கை தெரிய வேண்டும், வாங்குகிற கை தெரிய வேண்டும், நடுவிலே தலைவரின் சிரிப்பும் தெரிய வேண்டும். படம் எடுத்தாயிற்று, வேன் திரும்பியாயிற்று. 'ஆதரவற்ற சிறுவர்களுக்கு அன்னதானம்' என்று மறுநாள் செய்தியும் வந்தாயிற்று.

அந்த வரிசையில் நின்ற பிள்ளையிடம் யாராவது ஒரே ஒரு கேள்வி கேட்டதுண்டா? "தம்பி, இங்கே உனக்கு எப்படி இருக்கிறது? உன் தங்கச்சி எங்கே இருக்கிறாள்? எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க ஆசைப்படுகிறாய்?" கேட்டதில்லை. கேட்க நேரமில்லை, கேட்கவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. பிள்ளைக்கு வயிறு ஒன்று உண்டு என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. வாய் ஒன்றும் உண்டு, அது சோறு தின்ன மட்டும் படைக்கப்பட்டதல்ல என்பது இன்னும் தெரியவில்லை!

போகட்டும், அந்தப் போட்டோவைப் பற்றி ஒரு சட்டச் செய்தி. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, அரசின் பாதுகாப்பில் இருக்கும் பிள்ளையின் பெயரையோ, பள்ளியையோ, படத்தையோ அடையாளம் தெரியும்படி ஏட்டில் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்னதானம் என்ற பெயரில் நடப்பது பல இடங்களில் சட்டப்படி குற்றம். இது எத்தனை தலைவர்களுக்குத் தெரியும்?

யார் இந்தப் பிள்ளைகள்?

'அநாதைகள்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறோமே, அவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்லர். நம் சாலிலிருந்தும் நம் ஜோப்படியிலிருந்தும் போனவர்கள். கட்டட வேலையில் சாரம் சரிந்து தகப்பன் செத்திருப்பான். தாய் காசநோயில் படுத்திருப்பாள். குடித்துக் குடித்தே குடும்பத்தை அழித்த தகப்பனுக்குப் பயந்து ஓடியிருப்பான் ஒருவன். ஊரிலிருந்து ரயிலேறி வந்து தாதரிலோ குர்லா டெர்மினஸிலோ இறங்கி, எங்கே போவதென்று தெரியாமல் பிளாட்பாரத்தில் நின்றிருப்பான் இன்னொருவன். 2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில் தாயையோ தகப்பனையோ பறிகொடுத்தவர்கள் வேறு. பெற்றவரில் ஒருவர் உயிரோடிருந்தும், வைத்துக் காப்பாற்ற வழியில்லாமல் விடுதியில் விடப்பட்ட பிள்ளைகளும் உண்டு.

நம் ஜனங்கள் இன்றைக்கும் எல்லாவற்றையும் 'ரிமாண்ட் ஹோம்' என்றே சொல்கிறார்கள். ஏதோ திருடிவிட்டுப் போனவன் மாதிரி! திருட்டுக் குற்றத்துக்கு ஆளான சிறுவர்களுக்கு வேறு வாரியம், வேறு இல்லம். காப்பாற்ற ஆளில்லாத பிள்ளைகளுக்கு மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. மராத்தியில் பால கல்யாண் சமிதி என்பார்கள். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. கண்டெடுத்த பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அதன் முன்னே நிறுத்த வேண்டும். 15 நாளில் குடும்ப நிலையை விசாரித்து அறிக்கை தரவேண்டும். 4 மாதத்துக்குள் முடிவான உத்தரவு போடவேண்டும்.

அந்த உத்தரவு எப்படியும் இருக்கலாம். பெற்றவரிடமே திருப்பி அனுப்பலாம், இல்லத்தில் சேர்க்கலாம், உதவித்தொகை தந்து சொந்தக்காரர் வீட்டிலேயே இருக்கச் செய்யலாம், வேறொரு குடும்பத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கு விடலாம். இதில் கடைசியைத்தான் 'பாஸ்டர் கேர்' என்கிறார்கள். இது தத்து அல்ல. பிள்ளைக்குக் குறிப்பிட்ட காலம் ஒரு வீடும் கைச்சோறும் கிடைக்கச் செய்கிற ஏற்பாடு.

ஆக, ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் வீடு, பள்ளி, மொழி, உறவு எல்லாவற்றையும் ஒரு தாளில் முடிவு செய்கிறார்கள். அந்தத் தாளில் பிள்ளையின் சொல் எத்தனை வரி? அதுதான் இங்கே கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

பிள்ளைகளின் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1992-ல் சேர்ந்தது. தன்னைப் பாதிக்கும் எந்த விஷயத்திலும் தன் கருத்தைச் சொல்லவும், அது கவனிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பது அதன் 12-ஆம் விதி. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவும் இதையே அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. பிள்ளையின் நலனைத் தொடும் எல்லா நடவடிக்கையிலும் அதைக் கேட்க வேண்டும். வயதையும் முதிர்ச்சியையும் பார்த்து அதன் கருத்துக்கு மதிப்புத் தரவேண்டும்.

2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஒவ்வோர் இல்லத்திலும் பிள்ளைகள் குழு அமைக்க வேண்டும். 6 முதல் 10 வயது வரை ஒரு குழு, 11 முதல் 15 வரை ஒரு குழு, 16 முதல் 18 வரை ஒரு குழு. அவற்றில் பிள்ளைகள் மட்டுமே இருக்க வேண்டும். அன்றாட நேர அட்டவணை, சாப்பாட்டுப் பட்டியல், படிப்பு, தொழிற்பயிற்சி ஆகியவற்றில் அவர்கள் கருத்துச் சொல்லலாம். பெரியவர்களோ சக பிள்ளைகளோ செய்யும் கொடுமையைப் பற்றிப் புகார் சொல்லலாம். கூட்டம் நடந்ததற்குப் பதிவேடு இருக்க வேண்டும். அது நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். அந்த நிர்வாகக் குழுவிலும் பிள்ளைகளின் பிரதிநிதிகள் உட்கார வேண்டும். ஆலோசனைப் பெட்டி ஒன்று, ஆபீசுக்குப் பக்கத்தில் அல்ல, பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு அருகில் தொங்க வேண்டும். அதன் சாவி இல்லத்தின் அதிகாரியிடம் இருக்கக் கூடாது. நிர்வாகக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும்.

கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் தோழர்களே, பிரியாணிப் பொட்டலத்தோடு போகிறீர்களே, அடுத்த முறை அந்தப் பெட்டி எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். சாவி யாரிடம் என்று கேளுங்கள். போன மாதம் பிள்ளைகள் குழு கூடியதா, பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். ஒரே மையில், ஒரே கையெழுத்தில், 'பிள்ளைகள் மகிழ்ச்சியாக உள்ளனர்' என்று மாதாமாதம் எழுதியிருந்தால், அதை எழுதியது பிள்ளையா வார்டனா என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் பழமொழி. பேச விடாத இல்லத்தில் அழுத பிள்ளைக்குக் கிடைப்பது 'அடங்காத பையன்' என்ற பெயர்.

எந்த மொழியில் கேட்பது?

இனி நம் சங்கதிக்கு வருவோம். சட்டம் எல்லாப் பிள்ளைக்கும் பொது. ஆனால் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது முதல் படியிலேயே தடுக்கி விழுகிறது. அந்தப் படியின் பெயர் மொழி.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். வீட்டில் பேசியது நெல்லைத் தமிழ். தெருவில் பொறுக்கியது கொஞ்சம் பம்பாய் இந்தி. அவளைக் கொண்டுபோய்க் குழுவின் முன்னே நிறுத்துகிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மராத்தி, காகிதத்தில் மராத்தி, விசாரிக்கும் ஊழியரிடம் இந்தி. "மாமா வீட்டுக்குப் போகிறாயா?" என்று கேட்கிறார்கள். 'மாமா' என்ற சொல் அவளுக்குப் புரிகிறது, மற்றது புரியவில்லை. பயத்தில் தலையாட்டுகிறாள். 'பிள்ளை சம்மதித்தது' என்று எழுதியாயிற்று! அந்த மாமனுக்குப் பயந்துதான் அவள் வீட்டை விட்டே ஓடிவந்தாள் என்றால்? அதைச் சொல்ல அவளிடம் மராத்திச் சொல் இல்லை. கேட்டுக்கொள்ள அங்கே தமிழ்க் காதும் இல்லை.

மராத்தி மொழியின் மேல் நமக்குப் பகையில்லை. இந்த மண்ணில் வாழ்கிறோம், இந்த மண்ணின் மொழியைப் படிக்கிறோம், நம் பிள்ளைகளும் படிக்கட்டும். ஆனால் நெஞ்சிலுள்ள பயத்தைச் சொல்லும்போது பிள்ளைக்குத் தாய் பேசிய மொழிதான் வரும். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் விதிகள் இதை ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் மொழிபெயர்ப்பாளர்களின் பெயர், முகவரியோடு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று அந்த விதிகள் கட்டளையிடுகின்றன. கொடுமை நடந்த பிறகு கேட்க மொழிபெயர்ப்பாளர் உண்டு. கொடுமை நடக்காமலிருக்க முன்கூட்டியே கேட்பதற்கு மட்டும் ஆளில்லையா? மும்பை மாநகராட்சி தமிழிலும் பள்ளிக்கூடம் நடத்துகிறது. தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள், கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள், நம் சங்கத்திலேயே இரண்டு மூன்று மொழி பேசும் பெண்கள் இருக்கிறார்கள். பதிவேட்டில் அவர்கள் பெயரை ஏற்றச் சொல்லி நாம் ஒரு மனுக் கொடுத்தோமா?

'சொந்த ஊருக்கு அனுப்பு!'

அடுத்த தடை இன்னும் கொடியது. விசாரணையில் பிள்ளையின் குடும்பம் வெளி மாவட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தால் அந்த மாவட்டத்துக்கே மாற்றி அனுப்பலாம் என்கிறது சட்டத்தின் 95-ஆம் பிரிவு. சும்மா அனுப்பிவிட முடியாது. அது பிள்ளையின் நலனுக்கு ஏற்றதுதானா என்று விசாரிக்க வேண்டும். அந்த மாவட்டத்துக் குழுவோடும் கலந்துகொள்ள வேண்டும். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட பிரிவுதான். ரயிலேறி ஓடிவந்த பையன் தாயிடம் திரும்பிப் போக அதுதான் வழி.

ஆனால் தாராவியிலே பிறந்து, தாராவியிலே வளர்ந்து, மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு எது சொந்த ஊர்? அப்பன் பாட்டன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தார்கள் என்பதற்காக, ஒரு முறைகூடப் பார்த்திராத கிராமம் அவனுக்குச் 'சொந்த ஊர்' ஆகிவிடுமா? அங்கே அவனுக்குத் தெரிந்த முகம் ஒன்றில்லை. இங்கே அவனோடு கோலி விளையாடியவன் இருக்கிறான், பாடம் சொன்ன டீச்சர் இருக்கிறார், பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறாள். பெயரைப் பார்த்தார்கள், 'மதராசி' என்றார்கள், கோப்பை மூடினார்கள் என்று ஆகலாமா?

தோழர்களே, இந்த வலி நமக்குப் புதிதல்ல. 1960-களின் கடைசியில் இதே நகரத்தில் 'வேட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போ' என்று நம்மைப் பார்த்துக் கூச்சல் போட்டபோது நாம் என்ன சொன்னோம்? உழைத்த இடமே எங்கள் ஊர் என்றோம். ரேஷன் கார்டு இங்கே கேட்டோம், ஓட்டு இங்கே கேட்டோம். அந்த நியாயம் பெற்றோர் உள்ள நமக்கு மட்டுந்தானா? பெற்றோரை இழந்த நம் பிள்ளைக்கு இல்லையா? அவனை ஊருக்கு மூட்டை கட்டி அனுப்பும்போது நாம் ஏன் வாய் திறப்பதில்லை?

எல்லாப் பிள்ளையும் இங்கேயே இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பாட்டியிடம் போக ஏங்குகிற பிள்ளை இருக்கும், அதைப் போகவிடு. போகவே மாட்டேன் என்கிற பிள்ளை இருக்கும். ஏன் என்று கேள். இரண்டுக்கும் ஒரே சூத்திரம்தான்: பிள்ளையைக் கேள்!

வளர்ப்பு வீட்டின் சுவருக்குள்ளே

இல்லத்திலாவது நாலு பிள்ளைகள் சேர்ந்து முணுமுணுக்கலாம். வளர்ப்புக் குடும்பத்தில் போய்ச் சேர்ந்த பிள்ளை தனி ஆள். பராமரிப்புக் கொடுக்கும் வீட்டைக் குழு மாதாமாதம் பார்வையிட வேண்டும் என்கிறது 44-ஆம் பிரிவு. கூடப் பிறந்தவர்களைக் கூடியவரை பிரிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பார்வையிட வருகிறவர் எங்கே உட்காருகிறார்? அந்த வீட்டுக் கூடத்தில். யார் கொடுக்கும் சாயாவைக் குடிக்கிறார்? அந்த வீட்டுக்காரர் கொடுப்பதை. யார் முன்னே பிள்ளையைக் கேட்கிறார்? அந்த வீட்டுக்காரர் முன்னே! "நல்லா இருக்கிறாயா?" "இருக்கிறேன்." முடிந்தது பார்வை.

நம் மனசாட்சியையும் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம். 'சித்தப்பா வீட்டிலே வளர்கிறாள்' என்று பெருமையாகச் சொல்லப்படும் எத்தனை பெண் பிள்ளைகள் அந்த வீட்டிலே சம்பளமில்லாத வேலைக்காரிகள்? விடியற்காலையில் குழாயடியில் தண்ணீருக்கு நிற்பது யார்? வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் பாத்திரம் துலக்குவது யார்? மகாராஷ்டிர அரசின் பால சங்கோபன் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாத உதவி 2023-ல் 2,250 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2022-ல் வந்த மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். அந்தப் பணம் பிள்ளையின் புத்தகத்துக்கும் பாலுக்கும் போகிறதா, வீட்டு வாடகையில் கரைகிறதா? இதைக் கணக்குப் பார்க்கும் அதிகாரி கண்டுபிடிக்க மாட்டார். பிள்ளை சொல்லும். தனியாக, பயமில்லாமல், அதன் மொழியில் கேட்டால் சொல்லும்.

வீட்டை விட்டு வெளியே வந்தாலும் அதே கதை. பள்ளியில் 'அப்பா கையெழுத்து' கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் 'கூட வந்தது யார்' என்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்குப் போனால், பட்டியல் சாதிக் குடும்பம் 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதிக்கு முன்பே மகாராஷ்டிரத்தில் இருந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். தகப்பன் முகமே நினைவில்லாத பிள்ளை, பாட்டன் காலத்துத் தாளுக்கு எங்கே போகும்? எந்த ஜன்னலில் எந்தத் தாளுக்காகத் திருப்பி அனுப்பினார்கள் என்பது வார்டு ஆபீஸ் அதிகாரிக்குத் தெரியாது, கார்ப்பரேட்டருக்கும் தெரியாது. திரும்பி நடந்த காலுக்குத்தான் தெரியும். பள்ளியும் ஆஸ்பத்திரியும் சான்றிதழும் எப்படி நடக்க வேண்டும் என்று பேசும் இடத்தில் அந்தக் காலுக்குரியவன் உட்காராமல் வேறு யார் உட்காருவது?

'சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?'

வருகிறது பார், பெரியவர்களின் பழைய பல்லவி. பிள்ளைக்கு என்ன தெரியும்? நாளைக்கு மிட்டாய் மட்டும் போதும் என்பானே! குறை சொல்லக் கற்றுக்கொடுத்தால் கெட்டுப் போவானே!

இந்தப் பாட்டை இதற்கு முன்னும் கேட்டிருக்கிறோம். தொழிலாளிக்கு என்ன தெரியும் என்று முதலாளி பாடியது இதே ராகத்தில்தான். 1982 ஜனவரியில் இந்த நகரத்தின் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்களே, வெறும் கூலிக்காக மட்டுமா? தொழிலாளி நம்பாத சங்கத்தையே அவனுடைய ஒரே பிரதிநிதி என்று வைத்திருந்த சட்டத்தை நீக்கு என்பதும் அவர்கள் கோரிக்கை. எனக்காக நான் பேசுவேன், நீ நியமித்த ஆள் பேசவேண்டாம் என்ற அந்த நியாயம் தகப்பனுக்கு உண்டென்றால் பிள்ளைக்கும் உண்டு.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பீகாரின் முசாபர்பூர் சாட்சி. அங்கே பெண் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வெளியே சொல்ல நாகூசும் கொடுமைகள் நடந்தன. அரசுப் பணத்தில் நடந்த காப்பகம் அது. அதிகாரிகள் வந்து போகாத இடமல்ல. அது எப்போது வெளியே வந்தது? நம் தேவ்னாரில் இருக்கிற டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த குழு தணிக்கைக்குப் போய், பிள்ளைகள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டு அறிக்கை எழுதியபோது! 2018-ல் நாடே அதிர்ந்தது. 2020-ல் தில்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்பவர்களே, அங்கே பிள்ளைகளுக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாதது பெரியவர்களுக்கு, அல்லது தெரிந்தும் தெரியாதவர்களுக்கு!

முடியாத காரியமும் அல்ல இது. கர்நாடகத்தில் வேலை செய்யும் சிறுவர்கள் 1990-லேயே பீமா சங்கம் என்று தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். அதே மாநிலத்தில் பஞ்சாயத்துக்கள் பிள்ளைகளுக்கென்றே கிராம சபை கூட்டுகின்றன. பள்ளிக்குப் போகும் வழியில் பாலமில்லை, கக்கூசில் தண்ணீரில்லை என்று பிள்ளைகளே எழுந்து சொல்கிறார்கள். பஞ்சாயத்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தில்லியில் தெருச் சிறுவர்கள் 2003 முதல் பாலக்நாமா என்று சொந்தமாகப் பத்திரிகையே நடத்தியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2007-ல் வெளிவந்த அரசின் வெள்ளை அறிக்கை, பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு மன்றம் வேண்டும் என்றது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

கேட்பது என்றால் சொன்னதையெல்லாம் அப்படியே செய்வது என்று பொருளல்ல. அடிக்கிற தகப்பனிடமே போகிறேன் என்று அழுகிற பிள்ளையும் உண்டு. முடிவின் பாரத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு, 'நீதானே சொன்னாய்' என்று கை கழுவுவது இன்னொரு துரோகம். முடிவெடுக்கும் பொறுப்பு பெரியவர்களுடையது. ஆனால் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். பிள்ளை விரும்பியதற்கு மாறாக முடிவு செய்தால், ஏன் என்று பிள்ளைக்குப் புரியும்படி சொல்லட்டும். காரணம் சொல்லாத உத்தரவு நம் மில்லிலும் சைட்டிலும் நாம் ஏற்காத ஒன்று. பிள்ளை மட்டும் ஏன் ஏற்கவேண்டும்?

பதினெட்டு வயதில் கதவு சாத்தப்படுகிறது

18 முடிந்த அன்று பிள்ளை 'பெரியவன்' ஆகிறான். இல்லத்தின் கதவு சாத்தப்படுகிறது. வெளியேறும் இளைஞருக்கு உதவி 'வழங்கப்படலாம்' என்கிறது 46-ஆம் பிரிவு. 'வழங்க வேண்டும்' என்றல்ல, 'லாம்'! விதிகள் 21 வயது வரையும், விசேஷ நிலையில் 23 வரையும் பின்பராமரிப்புக்கு இடம் தருகின்றன. ஆனால் அப்படியொன்று இருக்கிறது என்பதையே அந்தப் பையனுக்கு யாரும் சொல்லவில்லை என்றால்? நம் வீட்டுப் பையன் இருபத்தைந்து வயதிலும் அம்மா கையால் சாப்பிடுகிறான். அவனோ பதினெட்டு வயதில் ஒரு டிரங்குப் பெட்டியோடு ரோட்டில் நிற்கிறான். அறை வாடகைக்குக் கேட்டால் டெபாசிட், ஜாமீன். வேலைக்குக் கேட்டால் முகவரி.

இப்படி வெளியே வந்து, விழுந்து எழுந்து, வேலை தேடிக்கொண்ட இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வெட்கத்தில் அதை வெளியே சொல்வதில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்லர். இந்த விஷயத்தில் நமக்குப் பாடம் சொல்லத் தகுதி பெற்றவர்கள் அவர்களே. எந்தச் சட்டம் எங்கே ஓட்டை என்பதை வக்கீலுக்கு முன்னே அவர்கள் சொல்லுவார்கள்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: குழந்தைகள் நலக் குழுவின் முன் வரும் ஒவ்வொரு பிள்ளையையும் அதற்கு நன்றாகத் தெரிந்த மொழியில், உறவினரும் இல்லத்து ஊழியரும் இல்லாத இடத்தில், தனியே கேட்க வேண்டும். அது சொன்னது அதன் சொற்களிலேயே உத்தரவில் இடம் பெற வேண்டும். மாவட்ட மொழிபெயர்ப்பாளர் பதிவேட்டில் தமிழும் இருக்க வேண்டும்.

இரண்டு: வெளி மாவட்டத்துக்கு மாற்றும் எந்த உத்தரவிலும், பிள்ளை எங்கே பிறந்தது, எங்கே படித்தது, எங்கே இருக்க விரும்புகிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் எழுதப்பட வேண்டும். பெயரையும் மொழியையும் பார்த்து ஊர் கட்டக் கூடாது.

மூன்று: இல்லங்களில் பிள்ளைகள் குழுக்கள் உண்மையாகக் கூடவேண்டும். பெட்டியைப் பிள்ளைகளின் பிரதிநிதிகள் முன்னிலையில் திறக்க வேண்டும். வந்த புகாருக்கு என்ன செய்தார்கள் என்பது பிள்ளைகளுக்கே திருப்பிச் சொல்லப்பட வேண்டும்.

நான்கு: வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகளும், பராமரிப்பிலிருந்து வெளிவந்த இளைஞர்களும் மாதம் ஒருமுறை ஒன்றுகூட மாநகராட்சி இடம் தரவேண்டும். பள்ளி, மருத்துவம், சான்றிதழ் பற்றி அவர்கள் சொல்வதற்கு வார்டு அதிகாரி எழுத்தில் பதில் தரவேண்டும்.

ஐந்து: 46-ஆம் பிரிவில் இருக்கும் 'லாம்' என்பது 'வேண்டும்' ஆக வேண்டும்.

சங்கங்களுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. பொட்டலத்தை நிறுத்தச் சொல்லவில்லை, போட்டோவை நிறுத்துங்கள். ஆண்டுக்கு ஒருநாள் வேனில் போவதற்குப் பதிலாக, மாதம் ஒருமுறை, குழுவின் அனுமதியோடு, தமிழ் பேசும் பெண்மணி இருவர் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரட்டும். பராமரிப்பில் வளர்ந்து வந்த ஓர் இளைஞனையும் ஓர் இளம்பெண்ணையும், அவர்கள் விரும்பினால், செயற்குழுவில் அமர்த்துங்கள். மேடையில் சால்வை போர்த்த அல்ல, தீர்மானத்தில் கை தூக்க! பக்கத்துக் கோலியில் ஒரு பிள்ளை தவிக்கிறது என்று தெரிந்தால், ஊர்ப் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிராமல் 1098-க்குப் போன் செய்யுங்கள். போன் செய்ததோடு நில்லாமல், பிள்ளையைக் குழுவின் முன் நிறுத்தும் நாளில் கூடப் போங்கள்.

தாய்மார்களே, தோழர்களே! நாளைக்கு நம்மில் யாருக்கு என்ன நேரும் என்று சொல்ல முடியாத பிழைப்பு நம்முடையது. சாரத்தில் ஏறுகிறவன் மாலையில் இறங்குவான் என்பதற்கு எந்த முதலாளியும் எழுதிக் கொடுத்ததில்லை. அப்படி ஒருநாள் வந்துவிட்டால் நம் பிள்ளை அந்த மேசையின் முன்னே நிற்கும். அன்றைக்கு அதற்குச் சோறு போட ஆயிரம் கை வரும். "உனக்கு என்ன வேண்டும், கண்ணு?" என்று அதன் மொழியில் கேட்க ஒரு வாய் இருக்குமா? அது சொன்னதை எழுதிக்கொள்ள ஒரு பேனா இருக்குமா? இருக்கும்படி செய்வது இன்றைக்கு, நாம் உயிரோடிருக்கும்போது, நம் கையில் இருக்கிறது.